புதியவர்கள் என்று நான் எழுதிக் கொடுத்த ஏழு பேர்

என் மகனே,

நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். நேற்றுச் சாயங்காலம்தான் என் எதிரில் உட்கார்ந்து ஆறு தோசை சாப்பிட்டாய். திருவெறும்பூரில் புதிதாக வந்திருக்கும் பெரிய தொழிற்சாலையில் உனக்கு லேபர் ஆபீசர் உத்தியோகம். உத்தரவைக் கையில் வாங்கிப் பார்த்தேன். உன் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம் டைப் அடித்திருந்தது. உன் அம்மா அந்தக் காகிதத்தைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாள். எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே நீ ஒன்று சொன்னாய். "அப்பா, உங்களக் கவுத்த மாதிரி ஆளுங்கதான் அங்கயும் சங்கம்னு வந்து உக்காருவாங்க. மேஜைக்கு இந்தப் பக்கம் நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்து வைத்தேன். உன் பஸ் போன பிறகு உன் அம்மா என்னிடம், "இன்னும் எத்தன வருஷம் சும்மா இருக்கப் போறீங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மைல் தூரத்தில் அறை எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைக்குத் தபால் எழுதுகிற தகப்பன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். நேரில் சொன்னால் நீ குறுக்கே கேள்வி கேட்பாய், நானும் எனக்குச் சாதகமான பக்கமாகப் பேச்சைத் திருப்பிவிடுவேன். அந்த வித்தையில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு. எழுதினால் அப்படித் தப்ப முடியாது. இதை நீ மறைத்துப் படிக்க வேண்டியதில்லை. உன் ஆபீஸில் யாரிடம் காட்டினாலும் எனக்குச் சம்மதம். சங்கம் என்னைக் கவிழ்க்கவில்லை. அப்படி உன்னை நம்ப விட்டது நான். அந்த நம்பிக்கையோடு திங்கட்கிழமை நீ அந்த நாற்காலியில் போய் உட்காரக் கூடாது.

நீ இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்த காலம். நான் காந்தி மார்க்கெட் வட்டத்துக்குச் சுகாதார மேஸ்திரி. தெருக் கூட்டுகிறவர்கள், குப்பை அள்ளுகிறவர்கள் என்று என் கீழே முப்பது நாற்பது பேர். காலை ஐந்தரைக்கு மார்க்கெட்டின் பின்பக்கம் மஸ்டர். அதாவது நான் வருகைப் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவேன், அவர்கள் "இருக்கேன் சாமி" என்பார்கள், நான் கோடு போடுவேன். என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று ஆபீஸில் எல்லோரும் சொல்வார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. முசிறிப் பக்கத்தில் ஏர் ஓட்டிய குடும்பத்தில் பிறந்து, பேனா பிடித்துச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு நாலு முழம் தள்ளித்தான் நிற்பேன். ஏன் தள்ளி நின்றேன் என்று உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவர்கள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்ததில்லை. என் தாயாருக்கு மூத்தவர்களைக்கூட வா போ என்றுதான் பேசினேன்.

எங்கள் வட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. நான் சேர்வதற்கு முன்பே இருந்தது. கூட்டுகிற அம்மாளுக்கு இடுப்பு விழுந்துவிட்டாலோ கண் மங்கிவிட்டாலோ, மறுநாள் மருமகள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் நிற்பாள். பெயரை மட்டும் மாற்ற மாட்டார்கள். மாற்றப் போனால் மேலே எழுத வேண்டும், உத்தரவு வர வேண்டும், அதற்குள் அந்த இடத்தில் வேறு யாராவது நுழைந்துவிடுவார்கள் என்ற பயம். மேஸ்திரிக்கும் எழுத்து வேலை மிச்சம். ஆகவே நான் "கங்கம்மா" என்று கூப்பிடுவேன், அவருடைய மருமகள் அனுமக்கா "இருக்கேன் சாமி" என்பாள். சம்பள நாளில் கங்கம்மா என்ற பெயருக்கு எதிரே அனுமக்கா கட்டைவிரலை மையில் தொட்டு வைப்பாள். இப்படி ஒன்பது வருஷம். அவளைப் போல என் புத்தகத்தில் மாமியார் பெயரில் உழைத்தவர்கள் மொத்தம் ஏழு பேர். அவர்களுடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி நான் யாரையும் ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

அவர்கள் வேலையை நான் வேலையாகப் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். ஏகாதசிக்கு ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் ஆட்களையும் அனுப்புவார்கள். ஒரு வருஷம் நானும் கூடப் போனேன். சொர்க்கவாசல் கூட்டம் கலைந்த பிறகு உத்தர வீதியைப் பார்த்தால் தரையே தெரியவில்லை. எச்சில் இலை, மிதிபட்ட பூ, தேங்காய்ச் சிரட்டை, அறுந்த செருப்பு, அதற்கு மேலே சேறு. இதை அள்ள ஒரு வாரம் ஆகும் என்று நினைத்தேன். பத்துப் பெண்கள் வீதியின் அகலத்துக்கு வரிசையாக நின்றார்கள். நடுவில் அனுமக்கா. அவள் துடைப்பம் போகிற வேகத்துக்கு மற்றவர்கள் துடைப்பமும் போயிற்று. ஒருத்தி களைத்தால் பக்கத்தில் இருந்தவள் தன் வீச்சை அகலமாக்கிக்கொண்டாள், வரிசை நிற்கவே இல்லை. நான் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் வீதி கோலம் போடத் தயாராகக் கிடந்தது. ஒரு வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "பெருமாள் அனுக்கிரஹம், வீதி எப்படிப் பளிச்சுனு இருக்கு பாருங்கோ" என்று உள்ளே இருந்தவரிடம் சொன்னார். மூன்று வீடு தள்ளி அந்தப் பத்துப் பேரும் குனிந்தபடியே போய்க்கொண்டிருந்தார்கள். மறுநாள் காலையில் வழக்கம்போலக் கங்கம்மா என்று கூப்பிட்டுக் கோடு போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பென்ஷன் பேச்சு வந்தது. அதுவரை கூட்டுகிறவர்களுக்குப் பென்ஷன் கிடையாது. முடியாமல் போனால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சங்கத்துச் செயலாளர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு அவரைப் பிடிக்காது. கூட்டம் போட்டால் பெஞ்சில் ஏறி நிற்காமல் தரையில் அவர்களோடு உட்கார்ந்து பேசுவார். அது எனக்கு வேஷமாகத் தெரிந்தது. அந்த மனிதர் இரண்டு வருஷம் அலைந்து ஓர் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தார். தொடர்ந்து பத்து வருஷம் பெயர் இருக்கிறவர்கள் நிரந்தரம், அவர்களுக்குப் பென்ஷன் உண்டு. புதிதாகச் சேர்கிறவர்கள் வருஷத்துக்கு வருஷம் உத்தரவு வாங்கி வேலை பார்க்க வேண்டும், சேமநிதி மட்டும் உண்டு, பென்ஷன் கிடையாது. இதற்கு மேல் இழுத்தால் உள்ளதும் போய்விடும் என்று அவரே கூட்டத்தில் ஒளிக்காமல் சொன்னார். கையெழுத்தாவதற்கு முன் ஒவ்வொருவரும் நேரில் வந்து அதிகாரி முன்னால் பெயரைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு.

இங்கேதான் என் கெட்டிக்காரத்தனம் வருகிறது. அந்த ஏழு வீட்டுக்காரர்களையும் மார்க்கெட்டின் பின்பக்கம் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். "இத பாருங்க, சரிபாக்குற அன்னைக்குக் கிழவிங்க வந்து நில்லுங்க. பேரு உங்க பேரு, பென்ஷன் உங்களுக்கு வந்துரும். மருமகளுங்கள நான் புதுசா சேந்த ஆளுன்னு எழுதித் தரேன். வீட்டுக்கு ரெண்டா ஆச்சு." எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருத்தி என்னைக் கும்பிட்டாள். நான் ஏழைகளுக்குப் பெரிய உபகாரம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பழைய தப்பும் வெளியே வராது, எனக்கும் வம்பில்லை. அன்றைக்கே உட்கார்ந்து ஏழு பேரையும் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்று என் அச்செழுத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது வருஷம், எட்டு வருஷம், ஒருத்திக்குப் பதினொரு வருஷம். அத்தனை உழைப்பும் ஒரே பக்கத்தில் இல்லாமல் போயிற்று. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை என்று சொன்னால் நீ நம்புவாயோ என்னவோ. உண்மையில் உறைக்கவில்லை. கணக்காக யோசிக்கத் தெரிந்தவனுக்கு எது உறைக்கும், எது உறைக்காது என்பதே தனி விஷயம்.

சரிபார்க்கும் நாளில் சுகாதார ஆபீஸ் முற்றத்தில் மேஜை போட்டு அதிகாரி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பழைய சம்பளப் புத்தகங்கள் அடுக்கி இருந்தன. செயலாளர் ஓரமாக நின்றார். வரிசை நகர்ந்தது. கங்கம்மா முறை வந்தது. இடுப்பு வளைந்து, ஒரு கையால் முழங்காலைப் பிடித்தபடி மேஜை அருகில் வந்தார். பெயர் கேட்டார்கள், சொன்னார். கட்டைவிரல் வைக்கச் சொல்லி மைப்பெட்டியை நகர்த்தினார்கள். அவர் விரலை மையில் வைக்காமல் அதிகாரி முகத்துக்கு நேரே நீட்டினார். இளம் வயதில் தகரம் கிழித்து அந்த விரலின் குறுக்கே ஆழமாக ஒரு தழும்பு உண்டு. "சாமி, இந்த வெட்டு அந்தப் புஸ்தகத்துல இருக்கான்னு பாருங்க" என்றார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. கங்கம்மா நிதானமாகச் சொன்னார். அவர்கள் வீட்டில் தெலுங்குதான் பேசுவார்கள், ஆனால் அன்று ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. "ஒம்போது வருஷமா நான் துடைப்பத்தத் தொடல சாமி. கூட்டுனது எம் மருமவ. ரேகை வச்சது அவ. பென்ஷன் வேல செஞ்சவளுக்குத்தான? அவளப் புதுசுன்னு எழுதியிருக்காங்க. அவ புதுசு இல்ல. நாளைக்கு அவ இடுப்பும் எனக்கு மாதிரி விழும். அப்ப அவளுக்கு என்ன இருக்கு?" அதிகாரி பழைய புத்தகங்களைப் பிரித்துப் பார்த்தார். ஒன்பது வருஷத்துக்கும் மாதத்துக்கு ஒன்றாகக் கட்டைவிரல் ரேகைகள். ஒன்றில்கூடத் தழும்பு இல்லை. "அம்மா, இப்படிச் சொன்னா உங்களுக்கு ஒண்ணும் கிடைக்காதே, தெரியுமா?" என்று அவர் மெதுவாகக் கேட்டார். "தெரியும் சாமி" என்று சொல்லிவிட்டுக் கங்கம்மா வரிசையை விட்டு விலகிப் போய் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்.

பிறகு நடந்ததை எழுதும்போது இப்போதும் எனக்கு மெய் சிலிர்க்கிறது. வரிசையில் இன்னும் ஆறு கிழவிகள் நின்றுகொண்டிருந்தார்களே, அவர்களில் ஒருவர் விலகிப் போய்க் கங்கம்மா பக்கத்தில் உட்கார்ந்தார். இன்னொருவர் போனார். முன்கூட்டியே பேசி வைத்துக்கொண்டார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. கடைசியாக நின்றவர், என்னைக் கும்பிட்டாரே அதே அம்மாள், கொஞ்ச நேரம் மைப்பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் போய் உட்கார்ந்தார். சாகும்வரை மாதாமாதம் வரக்கூடிய சோற்றை அந்த ஏழு பேரும் கை நீட்டி வாங்காமல் எழுந்து போனார்கள். நான் எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், மாலை போட்டிருக்கிறேன். அந்த வேப்பமரத்தடியில் பார்த்ததுக்கு ஈடாக எதையும் பார்த்ததில்லை.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மேஸ்திரி, இது உங்களுக்குத் தெரியுமா?" எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வேலை, உன் படிப்பு, உன் அம்மாவின் வைத்தியம் எல்லாம் ஒரு நொடியில் கண்முன் வந்தது. "தெரியாதுங்க ஐயா" என்றேன். நன்றாக நினைவிருக்கிறது, குரல்கூட நடுங்கவில்லை. அப்போது மரத்தடியிலிருந்து கங்கம்மா சொன்னார். "அவருக்குத் தெரியாது சாமி. நாங்கதான் ஏமாத்துனோம். அவரு எங்க மூஞ்சியப் பாத்துக் கூப்பிட்டதே இல்ல, புஸ்தகத்தப் பாத்துத்தான் கூப்பிடுவாரு." என்னைக் காப்பாற்றத்தான் சொன்னார். அதில் எனக்கு வேறு எந்த உள்நோக்கமும் தெரியவில்லை. ஆனால் என்னைப் பற்றி யாரும் அதற்கு முன்போ பின்போ அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. அதிகாரி காகிதத்தில் ஆள்மாறாட்டம் என்று எழுதினார். அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். பென்ஷன் இருக்கட்டும், அந்த ஏழு மருமகள்களுக்கும் வேலையே போய்விடும். தெரிந்துகொண்டே வீட்டுக்கு வந்தேன், சாப்பிட்டேன், மத்தியானம் தூங்கவும் தூங்கினேன். இதையும் நீ தெரிந்துகொள்.

மறுநாள் காலை மஸ்டர். எல்லோரும் வந்திருந்தார்கள். புத்தகத்தைப் பிரித்துப் பழக்கத்தில் "கங்கம்மா" என்றேன். சத்தமே இல்லை. இன்னொரு தடவை கூப்பிட்டேன். நான் புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டேன். முதல் தடவையாக அவர்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். அனுமக்கா இரண்டாவது வரிசையில் நின்றிருந்தாள். முன்தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. "அனுமக்கா" என்று கூப்பிட்டேன். அவள் அசையவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல. பக்கத்தில் நின்றவள் முழங்கையால் இடித்த பிறகுதான், "என்னையா கூப்பிட்டீங்க?" என்றாள். "ஆமாம்மா, உன்னத்தான்" என்றேன். மீதி ஆறு பேரையும் அதே மாதிரி அவரவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அதற்குள் என் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆட்களை வேலைக்கு அனுப்பிவிட்டு நேரே அதிகாரியிடம் போய், எல்லாம் எனக்குத் தெரியும், தெரிந்தேதான் எழுதினேன், ஏமாற்றியது நான், அவர்கள் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அந்தக் காகிதத்தில் என் எழுத்து கோணல் மாணலாக இருந்தது.

ஏழு பேருக்கும் அவரவர் வருஷங்கள் அவரவர் பெயருக்கு வந்தன. பத்து வருஷம் நிரம்பாதவர்களுக்கு நிரம்பியதும் நிரந்தரம் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்தார்கள். எனக்கு டிஸ்மிஸ் என்று முடிவானது. அது நியாயம்தான். ஆனால் சங்கம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. நான் சங்கத்தில் உறுப்பினன்கூட இல்லை, அவர்களைப் பார்த்து முகம் சுளித்தவன். எனக்காக அவர்கள் கையெழுத்தை ஆறு நாள் நிறுத்தி வைத்தார்கள். இரண்டு வருஷம் அலைந்து கையில் வந்த பென்ஷனைக் காத்திருக்க வைத்தார்கள். உண்மையைச் சொன்ன ஆளை வேலையிலிருந்து எடுக்கக் கூடாது என்று கடைசியில் ஒரு வரி எழுதி வாங்கிய பிறகுதான் செயலாளர் பேனாவைத் திறந்தார். மேஸ்திரி வேலை போய், அரியமங்கலம் குப்பைக் கிடங்குக்குக் காவலாக என்னை அனுப்பினார்கள். சம்பளம் குறைந்தது. ஆனால் நின்றுபோகவில்லை. நீ காலேஜில் கட்டிய பீஸ் அந்த ஒரு வரியிலிருந்து வந்தது.

கிடங்குக்கு மாறி வந்த புதிதில் உன் சித்தப்பா, "சங்கத்துக்காரனுங்க சேந்து அண்ணனக் கவுத்துட்டானுங்க" என்று வருகிற போகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நான் இல்லை என்று சொல்லவில்லை. பொய்யன் என்பதைவிடப் பாவப்பட்டவன் என்ற பெயர் கேட்க இதமாக இருந்தது. நீ அதைக் கேட்டுக்கேட்டு வளர்ந்தாய். என் மேல் இருந்த பாசத்தால் அவர்கள் மேல் கோபத்தை வளர்த்துக்கொண்டாய். அந்தப் பாசத்தை நான் ஏமாற்றி வாங்கியிருக்கிறேன். எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பாய், அல்லது ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாய், சாக்குக்கா பஞ்சம்.

இனி உன் மேஜைக்கு ஒப்பந்தங்கள் வரும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இது இல்லை, அது இல்லை என்று எழுத ரொம்பச் சுலபமாக இருக்கும். அவர்கள் இன்னும் வரவில்லை, முகம் இல்லை, சண்டைக்கு வர மாட்டார்கள். எழுதாதே என்று நான் சொல்லவில்லை, உனக்கும் மேலே ஆட்கள் இருப்பார்கள். எழுதுவதற்கு முன் ஒரு நாள் காலையில் எழுந்து போய் அவர்கள் வேலை செய்வதைப் பார். யார் எத்தனை வருஷமாக நிற்கிறார்கள் என்று வாயைத் திறந்து கேள். உன் புத்தகம் அதைச் சொல்லாது. எதிரே உட்காருகிறவர் உன்னிடம் உரக்கப் பேசினால் கொஞ்சம் பொறுத்துக்கொள். அவர்கள் யாருக்காகவெல்லாம் நிற்பார்கள் என்பது எனக்குத் தெரியும்.

கங்கம்மா இன்னும் இருக்கிறார். மார்க்கெட் பக்கத்துக் காலனியில், அதே வீட்டில். அனுமக்காவுக்குச் சம்பளம் வருகிறது, நாளைக்குப் பென்ஷனும் வரும். கங்கம்மாவுக்கு ஒன்றும் வரவில்லை. நான் அந்த முற்றத்தில் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு ஒரு தடவைகூட அவர் வீட்டுப் படி ஏறவில்லை. வழியில் தெரிந்தவர்களிடம் சௌக்கியம் விசாரித்துக்கொள்வேன், அவ்வளவுதான். போன மாதம் தெரு முனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தேன். அவர் முகத்தைப் பார்த்து என்ன பேசுவது என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வா. நாம் இரண்டு பேரும் அங்கே போவோம். அவர் குடிக்க ஏதாவது கொடுப்பார், நான் வாங்கிக் குடிக்க வேண்டும். தனியாகப் போக எனக்கு வெட்கமாக இருக்கிறது.

உன் அப்பா